நேர்ந்த கிடாயின் சொறி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் இறுதியில், என் மகன் காய்ச்சலிலிருந்து மீண்டதற்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு கருங்கிடாயை நேர்ந்துவிட்டிருந்தேன். அவ்வாறு விட்டதை எங்கள் பக்கத்தில் எவரும் கட்டுவதில்லை, அடித்து விரட்டுவதுமில்லை. விரும்பிய இடத்தில் மேயும், விரும்பிய வாசலில் படுக்கும். என் கிடாய் படுத்தது, பட்டாசுக் கம்பெனியில் கந்தகம் சலிக்கும் ஒரு பெண்ணின் குடிசையோரம், அவளுடைய வெள்ளாட்டை ஒட்டி. தாய்ப்பால் வற்றிப்போன அவளது கைக்குழந்தைக்கு அந்த ஆட்டின் பாலே ஆகாரம்.

சித்திரையில் கிடாயின் காதோரம் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, வெள்ளைப் பொருக்குக் கட்டியது. சுவர் கண்ட இடமெல்லாம் உரசிக்கொண்டு நின்றது. அம்மனின் ஆட்டுக்கு வந்திருப்பது அம்மையே என்று முடிவு செய்தேன். வேப்பங்குழை கட்டினேன், பதிகம் ஓதித் திருநீறு பூசினேன்.

அவள் வந்து பார்த்தாள்.

“அய்யா, இது ஆத்தா இல்ல, சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பொருக்க ஊற வச்சுத் தேச்சுட்டு, கந்தகத்த வேப்பெண்ணெயில கொழச்சுப் பூசுனாப் போயிரும். கந்தகத்துக்கு எங்கயும் போவேண்டாம், எஞ்சீலைய ஒதறுனா ரெண்டு ஆட்டுக்குக் காணும்.”

“அம்மன் முத்துல எண்ணெயா? வாயக் கழுவு தாயி.”

“ஆத்தாளுக்கு இம்புட்டு அரிக்குமாய்யா?”

நான் சிரிக்கவில்லை.

சில நாளில் அவளது ஆட்டையும் அது பற்றியது. அவள் மருந்து பூசினாள். பூச்சி செத்தாலும் முட்டை பொரிக்கும் என்றறிந்து பத்தாம் நாள் மறுபடியும் பூசினாள். மயிர் முளைக்கத் தொடங்கியது. ஆனால் அவள் வேலைக்குப் போன பகலெல்லாம் என் கிடாய் போய் அதன்மேல் உரசியது; ஆறிய இடத்தில் சொறி திரும்பத் திரும்பப் பற்றியது.

“அங்கன வராம ஒங்க கிடாய மட்டும் பிடிச்சுக் கட்டுங்கய்யா” என்று இருமுறை என் வாசலில் வந்து நின்றாள். அம்மனுக்கு விட்டதைக் கட்டினால் மகனுக்கு ஏதேனும் ஆகுமோ என்று அஞ்சினேன். அந்த அச்சத்தைப் பக்தி என்று எண்ணியிருந்தேன்.

ஆடி பிறக்குமுன் வெள்ளாட்டுக்குப் பால் நின்றது. பின்பு மேய்ச்சலும் நின்று, ஒரு காலையில் கால் மடக்கியபடியே இறந்துகிடந்தது. குழந்தைக்கு அன்றிலிருந்து கஞ்சித் தண்ணீர்தான்.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கிடாயைக் கோயிலுக்கு நடத்திச் சென்றேன். பூசாரி காதைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா, சொறி பிடிச்சதையா ஆத்தாளுக்குக் கொண்டாந்தீக? மருந்து போட்டுத் தேத்திக் கொண்டாங்க.”

திரும்பும் வழியெங்கும் ஒரு பதிகமும் நாவில் எழவில்லை.

அவள் குடிசை முன் நின்று கந்தகம் கேட்டேன். அவள் இடுப்புக் குழந்தையை மண்ணில் இறக்கிவைத்துவிட்டு, வேப்பெண்ணெயில் குழைத்து, கிடாயின் காதுமடலுக்குள் தானே விரல் விட்டுப் பூசினாள். அந்தக் குழந்தையோ, உட்கார வேண்டிய வயதில் உட்கார இயலாமல், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து என்னையே பார்த்தது.

“பத்து நாளு கழிச்சு மறுக்காப் பூசணும்” என்றாள். “அது வரைக்கும் கட்டிப் போடுங்கய்யா.”

கட்டினேன்.