கண்ணைக் கட்டிக்கொண்ட மகாராணி

எண்பத்தொன்றில் கண்வலி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதற்கு மெட்ராஸ் ஐ என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள். ஏ.எஸ்.ராவ் நகரின் தெலுங்குப் பால்காரர் தமிழர் வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டே பால் ஊற்றினார். பாதிப் பால் தெருவில் கொட்டிற்று. ஃபாக்டரி பஸ்ஸில் டிரைவர் உட்பட அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி.

செல்லம்மா வீட்டு வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி. பூவைத் தண்ணீரில் ஊறவைத்து, கண்வலியோடு வருகிறவர்களின் மூடிய கண்மேல் பரப்பி, ஈரத்துணியால் கட்டிவிடுவாள். காசு கிடையாது, காபி உண்டு. ஒரே சட்டம்: மறுநாள் காலைவரை கட்டை அவிழ்க்கக் கூடாது. நாடக டைரக்டர் சக்ரபாணி, ஒத்திகை இருக்கிறது என்று அழாத குறையாகக் கெஞ்சினார். அவரையும் கட்டோடுதான் அனுப்பினாள். மனுஷர் தடவித் தடவி அடுத்த வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குத்தான் சாம்பார் சாம்பாராக இருக்கிறது என்றாராம்.

அவள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. நடிகர்கள் கண் பிழைத்தால்தான் தமிழ்ச் சங்க நாடகம் நடக்கும். அதில் அவள்தான் மகாராணி. இத்தனை வருஷமும் திரைக்குப் பின்னால் புடவை மடித்தவளுக்கு முதல் வேஷம். அவள் வசனம் சொல்லிச் சொல்லி, புருஷன் பத்மநாபன் தூக்கத்திலேயே "உத்தரவு மகாராணி" என்பார்.

நாடகத்தன்று காலை அவள் கண் தக்காளிப்பழமாகச் சிவந்தது. பத்மநாபன் பூ வைத்துக் கட்டிவிட்டார். சாயங்காலம் சக்ரபாணியிடம் போய், நாடகம் முடிகிறவரை மட்டும் அவிழ்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"சட்டம் போட்டதே நீங்கதானே மாமி?"

"அது நோயாளிக்கு. நான் வைத்தியராச்சே."

"கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார், கணக்குத் தீர்த்த சந்தோஷத்தில்.

குறி சொல்லும் குருட்டுக் கிழவியாக நடிக்க இருந்த வேதாவுக்கு ராணி வேஷம் போயிற்று. செல்லம்மாவுக்குக் கிழவி வேஷம். ஒரே ஒரு வசனம்.

மேடையில் வேதா "மகனே" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. சபையில் கொசு கொட்டாவி விட்டால்கூடக் கேட்டிருக்கும். செல்லம்மா தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மகாராணி மனசுல ஓடறது எனக்குத் தெரியறது. நானே சொல்றேன்."

சொன்னாள், ராணியின் வசனம் முழுவதையும், மூச்சு விடாமல். வேதா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள். எழுந்த கைத்தட்டலில் பக்கத்துச் சைனிக்புரியில் குடியிருந்த பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியைத் தேடினார்களாம்.

பத்மநாபன் கையைப் பிடித்து அவளை வீட்டுக்கு அழைத்துப்போனார். பாதி வழியில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ராணி ரவிக்கை அவளுக்கு எப்படி இருந்தது?"

"தொளதொளன்னு. உன் அளவுக்குன்னா தச்சது."

அதற்கப்புறம் அவள் குழிகளைக்கூடச் சட்டை செய்யாமல் நடந்தாள்.