அத்தை கட்டிய திரை

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த அதே வாரம் எனக்கு அம்மை போட்டது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அம்மாவுக்குப் பத்தியச் சமையல் செய்ய மாரிகுப்பத்திலிருந்து வந்திருந்தார். என் வயிற்றில் முதல் கொப்புளத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அம்மை என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல மாட்டார். அது வேறு சாமியைச் சேர்ந்ததாம். "சிக்கன் பாக்ஸ்" என்று அறிவித்துவிட்டு, நேராகக் கொல்லைக்குப் போய் வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தார்.

அப்பாவுக்குத் தொழிற்சாலை கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். அம்மை போட்டவளை வாசல் தாண்ட விடக் கூடாது. பிள்ளை பெற்றவளையும் வெளியே அனுப்ப முடியாது. அத்தை தன் பழைய புடவை ஒன்றைக் கூடத்தின் குறுக்கே கொடியில் போட்டு ஊக்கு குத்தினார். அந்தப் பக்கம் அம்மாவும் தம்பியும். இந்தப் பக்கம் நானும் என் பாயும் வேப்பிலையும். "இத்த தாண்டி ஒரு வெரல் வந்துச்சு, பாத்துக்கோ" என்றார். பச்சைக் குழந்தைக்கு இது வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அப்பாவிடம் அவர் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது. என்னால் தம்பி செத்துப்போவானோ என்று நடுங்கிப்போனேன். மூச்சைக்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் விட்டேன்.

ஜெபிக்கப் போதகர் வந்தபோது வேப்பிலைக் கொத்து வசனக் காலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. என் பாயருகே முழங்கால் போட்டு ஜெபித்தவர் எழுந்துகொண்டே, "வேப்பில இருந்தா தண்ணில போட்டு ஊத்துங்கம்மா, அரிப்பு அடங்கும்" என்றார். அப்போது அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் அப்பாவும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். காய்ச்சலும் அரிப்பும் தாங்காமல் நான் அழுதேன். புடவை விலகியது. தோளில் தம்பியோடு அம்மா வந்து பாயில் உட்கார்ந்து என் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, போ. தம்பி செத்துடுவான்" என்றேன்.

"எனக்கு வந்து போனதுதானே" என்றாள், அவ்வளவுதான். அப்படியே மூவரும் தூங்கிவிட்டோம். தம்பியின் பாதம் என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த அத்தை ஆடிப்போனார். "இன்னாமா பண்ணிவெச்ச நீ? உனக்கு வந்து போனா புள்ளைக்கும் போயிடுமா?"

அம்மா தம்பியை வாரி எடுத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். அம்மாவின் கன்னங்களில் சிறுவயதில் வந்த இதே அம்மையின் குழிகள் நிறைய உண்டு. பெண் பார்க்க வந்த அன்று, மூஞ்சி சுமார்தான் என்று சொன்னவர் இதே அத்தைதான். அது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. அன்று முதல் முந்தானைக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

அதன்பின் அத்தை காலைதோறும் தம்பியை வெயிலில் பிடித்து அக்குள், தொடையிடுக்கு என்று துழாவினார். ஒருநாள் கழுத்தில் ஏதோ சிவந்திருந்தது. அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அது வெறும் வேர்க்குரு. என் பொருக்குகள் உதிர்ந்தன, வாரங்கள் போயின, தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. அத்தை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் காத்தார் என்றார். தாம் கட்டிய திரையையும் சேர்த்துக்கொண்டார். வேப்பிலையை மட்டும் விட்டுவிட்டார். அம்மா முந்தானையைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். சின்ன வயதில் அம்மை வந்ததா என்று பெங்களூரில் டாக்டர் கேட்டார். வந்தது என்றேன். நல்லதாகப் போயிற்று என்றார். அந்த நோயை எதிர்க்க என் உடம்பு அன்று செய்யப் பழகிய புரதம் இன்னும் ரத்தத்தில் இருக்கிறதாம். நஞ்சுக்கொடி கண்டதையும் உள்ளே விடாது. ஆனால் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டு பிடித்துக் குழந்தையின் ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமாம், கடைசி மாதங்களில் இன்னும் தாராளமாக. பிறந்த பிறகு கொஞ்ச மாதங்களுக்குப் பிள்ளைக்கு அதுதான் காவல் என்றார்.

ரயிலில் திரும்பும்போது அத்தையின் கேள்வி ஞாபகம் வந்தது. புள்ளைக்கும் போயிடுமா? போயிருக்கிறது அத்தை, அம்மாவிடமிருந்து அந்தக் காவல், நீங்கள் புடவையைக் கொடியில் போடுவதற்கு முன்பே. அம்மாவுக்கும் அது தெரியாது. நான் அழுதேன், அதனால் வந்தாள்.

அத்தை சாட்சி சொன்ன அன்று மாலை, குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. தம்பியைக் காத்ததற்கு நன்றி சொன்னேன். எனக்காகவும் ஒன்று கேட்டுக்கொண்டேன். "ஆண்டவரே, அம்மா மூஞ்சி மாதிரி என் மூஞ்சில குழி விழாம பாத்துக்கோங்க."

எல்லோரையும் முந்திக்கொண்டு அம்மாதான் ஆமென் சொன்னாள்.