எச்சரிக்கை விளக்குக்குப் பொட்டு வைத்தேன்

புது டீசல் காரில் கொட்டாம்பட்டி போகும்போதெல்லாம் பஸ்கள் என்னை முந்துவது எரிச்சலாக இருந்தது. "எஞ்சின் கம்ப்யூட்டர்ல புரோகிராமை மாத்திட்டா பறக்கும் மாப்ள" என்றான் நண்பன். திருநகரில் ஒருவர் லேப்டாப்பை இணைத்து, 'டியூன்' என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்தார். வண்டி பறக்கத்தான் செய்தது; கூடவே கரும்புகையும் கக்கியது.

பத்தாம் நாள், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. டியூன் செய்தவருக்குப் போன் போட்டேன். "அது அப்படித்தான் எரியும், கண்டுக்காதீங்கண்ணே" என்றார். நானும் கண்ணை உறுத்துகிறதே என்று, மனைவியின் ஸ்டிக்கர் பொட்டில் பெரிதாக ஒன்றை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரம் மனைவியோடு திண்டுக்கல் போகையில், வாடிப்பட்டி அருகே ஒரு லாரியை முந்தினேன். பாதியில் இழுவை செத்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் வண்டி ஊர்ந்தது. எதிரே பஸ். லாரிக்காரர் பிரேக் போட்டு இடம் விட்டதால் பிழைத்தோம்.

"அதிக சூட்டுல, எஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போ போயிருச்சு சார். எஞ்சினைக் காப்பாத்த கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைச்சிருக்கு. விளக்கு எரிஞ்சிருக்குமே?" என்றார் சர்வீஸ் சென்டர்காரர். புரோகிராமை மாற்றியதால் வாரண்டியும் கிடையாதாம். டியூன் செய்தவரோ போனையே எடுக்கவில்லை.

கைக்காசில் டர்போவை மாற்றி, பழைய புரோகிராமையே திரும்ப ஏற்றிவிட்டேன். பஸ்கள் தாராளமாக முந்தட்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டிவிடுகிறேன். ஆனாலும் என் மனைவி பொட்டு அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காரில் ஏறுகிறாள்.