ஜூன் மாதத்து மொரினோ

கேம்ப் ரோட்டில் பனியனில் பெயர் அச்சடிக்கும் கிபாயத்துல்லாவுக்குப் பந்தாட்டத்தில் தெரியாதது எதுவும் இல்லை. சொன்னது அவரேதான். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாவத்துக்கு நான் தினமும் கேட்டேன்.

2002 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், ஜப்பான் போய்வந்த வாடிக்கையாளர் ஒருவர் அந்த ஊர் கிளப் காலண்டர் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். மாதத்துக்கு ஓர் ஆட்டக்காரர். ஜூன் தாளில் ஓர் இளவட்டம், கீழே ஆங்கிலத்தில் ‘மொரினோ’. நம் ஊரில் சும்மா கிடக்கும் ஆளைக் காலண்டரில் போடுவார்களா? அதுவும் உலகக் கோப்பை நடக்கும் ஜூனில்? ஜப்பானின் நம்பர் ஒன் இவன்தான் என்று கிபாயத்துல்லா முடிவு கட்டிவிட்டார்.

சேலையூர் டீமுக்குப் பனியன் அடித்தபோது பதினொன்றிலும் அதே பெயர். ஒரே ரசிகர் மன்றத்தில் ஆளுக்கொரு நடிகரா என்பது அவர் வாதம். “மொரினோ, ஃபவுல்!” என்று நடுவர் கத்தினால் பதினொரு பேரும் கையை விரித்தார்கள்.

ஜப்பான் மூன்று ஆட்டம் ஆடி முடித்தது. மொரினோ எதிலும் இல்லை.

“இன்னா மச்சான், உன் ஆளு பெஞ்சுலகூட காணோம்?” என்றான் அவர் மைத்துனன் முதாசிர்.

“ஃபைனலுக்கு வச்சிகினு கீறாங்க.”

நான்காவது ஆட்டத்தில் ஜப்பான் தோற்று வெளியேறியது. அதிலும் மொரினோ இல்லை. டீம் கேப்டன் ஜோஸ்வின் பனியன்களை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான். “ஊரே சிரிக்குதுண்ணா. பேரை எடுத்துக் குடுங்க.”

கிபாயத்துல்லாவின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருடம் பேசிய பேச்செல்லாம் அந்த மூட்டையில் கிடந்தது. “ஒரு மாசம் டைம் குடு. அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்” என்றார். காலண்டரில் இருந்த கிளப் முகவரிக்கு நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். முதுகில் பெயர் தெரிய டீம் நின்ற போட்டோவையும் வைத்தோம்.

நாற்பதாம் நாள் மொரினோவிடமிருந்தே பதில் வந்தது. மூன்று பேரையும் வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன்.

‘எனக்கு இருபது வயது. நாங்கள் இரண்டாம் டிவிஷன். இந்த வருடம் அரை மணி நேரம்தான் ஆடினேன். பிறந்த நாள் ஜூனில் வருவதால் அந்தத் தாளில் போட்டார்கள். எங்கள் கிளப் கடையில் என் பெயர் போட்ட சட்டையே இல்லை, கேட்பார் கிடையாது. உங்கள் படத்தை அம்மாவிடம் காட்டினேன். ஒவ்வொரு முதுகாக எண்ணிவிட்டு அழுதார். ஒரு சட்டை அனுப்ப முடியுமா?’

சிரிக்கத் தயாராக வந்த முதாசிர் சிரிக்கவில்லை. ஜோஸ்வின் மூட்டையை அவிழ்த்துத் தன் பனியனைத் தேடி மாட்டிக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலடா” என்றார் கிபாயத்துல்லா. முதல் முறையாக அவர் வாயில் அதைக் கேட்டேன். பிறகு எழுந்து மிஷினைப் போட்டார். இரண்டு பனியன் அடித்தார்.

“ஒண்ணுதானே கேட்டான்?” என்றேன்.

“ஒண்ணை அந்தம்மா பெட்டியில வச்சிக்கும். அப்புறம் புள்ள இன்னாத்த போட்டுகினு ஆடுவான்?”