பலகையை மறைத்த வண்டி

சங்கச் செயலாளர் வேலை என்பது, வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் தலையில் மற்றவர்கள் கைதட்டிக் கட்டிவிடும் வேலை. வாசகசாலையோ, திருப்பணிக் குழுவோ, ஏதாவது ஒன்றுக்குச் செயலாளராக இருந்து, கூட்டத்துக்கு நாற்காலி இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது பேச்சும் வாங்கியவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தது மனநோய் மருத்துவர் சங்கம். புதுக்கோட்டையில் அப்படி ஒரு சங்கம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்த காலத்திலும் அப்படித்தான் கேட்டார்கள்.

ராஜா கொடுத்த அறை

சமஸ்தானம் இருந்தவரை எங்களுக்கு ஓர் அறையும், வருஷத்துக்கு ஒருமுறை சிறிய மானியமும் உண்டு. அறை கோர்ட்டுக்குப் போகும் சாலையில், பழைய குதிரை லாயத்தை ஒட்டி இருந்தது. மழைக்காலத்தில் குதிரைகள் இன்னும் அங்கேயே இருப்பதுபோல ஒரு வாடை வரும். மாதம் ஒரு கூட்டம், புதன்கிழமைதோறும் இலவச வைத்தியம். புத்தி தடுமாறியவர்களை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, உத்தரவு வாங்கி, போலீஸ் துணையோடு சென்னைக்கு ரயிலேற்றுவதுதான் அன்றைக்குச் சட்டம் காட்டிய வழி. அப்படிப் போனவர்கள் வீடு திரும்பி நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ரயிலில் யாரும் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் எங்கள் புதன்கிழமை.

சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்ததும் மானியம் நின்றது. அறை யாருடையது என்ற கேள்வியும் கிளம்பியது. திருச்சிக்கு பஸ் ஏறினேன், மறுபடி ஏறினேன், பிறகு கண்டக்டரே எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துவைக்க ஆரம்பித்தார். ஆபீசில் மேஜைக்கு மேஜை கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசி மேஜைக் குமாஸ்தா நல்லவர். உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "ராஜா குடுத்தது ராஜாவோட போச்சுங்க. அவருக்கு மனசு வந்தாப் போதும். சர்க்காருக்கு விதி வந்தாகணும்."

காது கொடுத்துக் கேட்பவர்கள்

சங்கத்தில் உறுப்பினர்கள் தஞ்சாவூர் வரைக்கும் இருந்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்று பேர்தான். தலைவர் டாக்டர் சந்தானம், சென்னையில் முறையாக மனநோய் படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் டாக்டர் அருளப்பன், மிஷன் வைத்தியசாலைக்காரர், கொஞ்சம் முன்கோபி. மூன்றாவது ஆள் நான். காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் தலைவரைப் பார்க்கப் போய்ச் செயலாளராகத் திரும்பி வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் ஊறிப்போகும். எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பேசவிட்டுக் கேட்க வேண்டும். நோயாளிக்கு அது மருந்து, சங்கத்துக்கு விஷம். மானியம் நின்றதைப் பேசக் கூடிய கூட்டத்தில் அருளப்பன் மேஜையைத் தட்டி, இனி இந்தச் சங்கமே வேண்டாம், ராஜினாமா செய்கிறேன் என்றார். வேறு எந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தாலும் சமாதானப்படுத்தியிருப்பார், அல்லது சரி என்று எழுதி வாங்கியிருப்பார். எங்கள் தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்படி எப்பலேருந்து தோணுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அருளப்பனும் சொல்லத் தொடங்கிவிட்டார். மிஷன் மேலாளரின் கெடுபிடி, மூத்த மகள் கணவனோடு ஒத்துப்போகாதது, சிறு வயதில் படகு கவிழ்ந்து அப்பா போனது என்று பேச்சு எங்கெங்கோ போனது. அவர் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம் பக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டும்போது அவருக்கு ஞாபகம் வந்தது. "மனசு லேசாயிருச்சு. ஆனா மானியத்தைப் பத்தி நாம பேசவே இல்லையே?"

பெரிய எழுத்தில்

அலைந்து அலைந்து ஒருவழியாக விதி வந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாசலில் சங்கத்தின் முழுப் பெயரும் சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற அளவில் பலகையாக இருக்க வேண்டும். நோயாளிகள் குறையாமல் வர வேண்டும். அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் அறையும் பாதி மானியமும் நிலைக்கும். நானும் சந்தோஷமாகத் தெற்கு வீதிப் பெயிண்டரைப் பிடித்து, மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்தில் எழுதவைத்து, வாசலுக்கு வெளியே இரண்டு கால் நட்டு நிறுத்தினேன். 'மனநோய் மருத்துவர் சங்கம்' என்பது கோர்ட்டு வாசல் வரைக்கும் தெரிந்தது. அவ்வளவு நன்றாக அமைந்தது.

அடுத்த புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. வந்துகொண்டிருந்தவர்கள் யாருமே மனநோய் என்ற சொல்லை வீட்டில் உச்சரித்தவர்கள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன? ஒருவர் தலைவலி என்று சொல்லிவிட்டு வருவார், ஒருவர் கோர்ட்டு வாய்தா என்று சொல்லிவிட்டு வருவார். மனசையே தொழிலாக வைத்திருந்த மூன்று பேரும் கூடி உட்கார்ந்துதான் அந்தப் பலகையின் வாசகத்தை ஒப்புக்கொண்டோம். பலகை இருந்தால் நோயாளி இல்லை, பலகை இல்லாவிட்டால் பதிவு இல்லை. எப்படிப் பார்த்தாலும் அறை போய்விடும்.

விராலிமலைப் பக்கத்து விவசாயி சின்னையாவை ஒருநாள் கடைவீதியில் பார்த்துவிட்டேன். கிணறு வெட்டும்போது மண் சரிந்து தம்பி போனதிலிருந்து தூக்கம் கெட்டுப்போனவர். எங்களிடம் வர ஆரம்பித்த பிறகுதான் கண் மூடினார். ஏன் வரவில்லை என்று கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை ஒரு துணிக்கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "சந்தைக்கு வந்தேன்னு சொல்லிக்கிறலாம், வக்கீலைப் பாக்க வந்தேன்னு சொல்லிக்கிறலாம். அந்தப் பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டு என்னத்தைங்க சொல்றது?"

ஆலங்குடி வண்டி

எங்களை அப்போதைக்குக் காப்பாற்றியது கருப்பையாவின் கூண்டு வண்டி. ஆலங்குடியிலிருந்து புதன்தோறும் கடலை மூட்டை ஏற்றி மண்டிக்கு வருகிறவர். அவர் மனைவி சிவகாமி இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு பேச்சை நிறுத்தியவள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்க மாட்டாள், சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பாள். எங்களிடம் வந்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் பலகை முளைத்தது. அவளோ ஐந்தாவது வரைக்கும் படித்தவள். வாசலில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் வெறும் கூச்சம் இல்லை. கருப்பையாவின் தங்கைக்கு விராலிமலைப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது வெளியே தெரிந்தால் அந்தப் பேச்சு முறிந்துவிடும் என்று அவருடைய அண்ணன் பயந்தார். தெரிந்த அன்றைக்கே மாஜிஸ்திரேட்டிடம் போய் உத்தரவு வாங்கி அவளைச் சென்னைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வக்கீலிடமும் பேசி வைத்திருந்தார். பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதர், அவ்வளவுதான்.

கருப்பையா பலகையை ஒரு நோட்டம் பார்த்தார். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, வண்டியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் ஒட்டி நிறுத்தினார். கூண்டு பலகையையும் மறைத்தது, வாசலில் பாதியையும் மறைத்தது. அன்றிலிருந்து புதன்கிழமை காலையில் முதல் வேலை அதுதான். வண்டி நிற்கிறது என்ற சேதி எப்படியோ பரவி, பழையவர்கள் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். இது விதிக்குச் சரியாகுமா என்று நான் தயங்கியபோது கருப்பையா வைக்கோலை உதறிப் போட்டபடியே சொன்னார். "பலகையை நான் எடுக்கலையேங்க. அது பாட்டுக்கு இருக்கு, வண்டி பாட்டுக்கு நிக்கிது."

அதிகாரி வந்த புதன்

திருச்சியிலிருந்து அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை வந்து இறங்கினார். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு ஆச்சரியம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பலகை எங்கே என்றார். வண்டிக்குப் பின்னால் என்றேன். எட்டிப் பார்த்தால் தெரியும் என்றும் சொன்னேன். சாலையில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி, வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள் என்றார். அப்போது ஆலங்குடி பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து தலைவர் எழுந்து வந்து, வண்டி நிற்பது அவருக்கு எந்த விதத்தில் சங்கடமாக இருக்கிறது என்று அதிகாரியைக் கனிவாகக் கேட்டார். அதிகாரிக்கு முகம் சிவந்தது. நகர்த்தாவிட்டால் அறையைக் காலி செய்யும்படி எழுதிவிடுவேன் என்றார்.

கருப்பையா நுகத்தடியைப் பிடித்தார். பிடித்தாரே ஒழிய இழுக்கவில்லை. வாசலோரப் பெஞ்சில் சிவகாமி இருந்தாள், வண்டி நகர்ந்தால் சாலைக்கு நேராக அவள் முகம்தான். அவர் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்பதை அவள் பார்த்தாள். எழுந்து வாசற்படிக்கு வந்தாள். எங்கள் எதிரில் அவள் அதுவரை முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

"நகத்துங்க. பாக்குறவுக பாக்கட்டும். இந்த எடமும் போயிருச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

வண்டி நகர்ந்தது. மஞ்சள் பலகை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே, எப்போதும் சிவகாமி மண்டிப் பக்கம் போன பிறகு மதியத்துக்கு மேல் வருகிற சின்னையா, அன்றைக்கு வண்டி மறைவை நம்பி முன்னதாகவே வந்து, நடுவழியில் அகப்பட்டு நின்றார். குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்தார். சாய்த்தவர் சிவகாமியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கருப்பையாவுக்கும் முகம் வெளுத்தது. போன மாதம் ஆலங்குடிக்குப் பெண் பார்க்க வந்து, இவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துப் போன மாப்பிள்ளையின் தகப்பனார் சின்னையாதான் என்பது, கருப்பையா என் காதில் முணுமுணுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. விராலிமலைப் பக்கம் ஆயிரம் குடும்பம் இருக்கிறதே, நான் எதைக் கண்டேன்.

சின்னையா குடையை மெல்லத் தாழ்த்தினார். "ஏன் தாயி, நீங்களும் இங்கிட்டுத்தான் வாரீங்களா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு வீட்டுக்கும் ஒளிச்சு மறைக்கிற மெனக்கேடு எம்புட்டு மிச்சமாயிருக்கும்."

அறிக்கை

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. கருப்பையாவின் அண்ணன் அதற்குப் பிறகு வக்கீல் வீட்டுப் பக்கம் போகவில்லை. யாருக்குச் சொல்லி யாரைப் பயமுறுத்துவது? சம்பந்தியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி நகர்ந்த பிறகு, பழையவர்களில் பலர் பலகைக்குக் கூசி வருவதை நிறுத்தித்தான் விட்டார்கள். பாதிப் பேர் திரும்ப வந்தார்கள், மீதிப் பேருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை இன்றைக்கும் எனக்கு உண்டு. அதிகாரி அன்று ஜீப்பில் ஏறும்போது அலுப்போடு என்னிடம் சொன்னது இது. "பலகையும் இருக்கு, கூட்டமும் இருக்கு. நான் எழுதினா மேல நம்பமாட்டாங்க சார்."

பலகை இல்லாத வராந்தா

நம்பினார்கள், ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். பிறகு வட்டார வளர்ச்சி ஆபீசுக்கு இடம் வேண்டும் என்று அறையை எடுத்துக்கொண்டார்கள். மானியமும் நின்றது. சங்கத்தைத் திருச்சியில் இருந்த பெரிய சங்கம் ஒன்றின் கிளையாகச் சேர்த்துவிட்டோம். சந்தா அங்கே போகும், சுற்றறிக்கை இங்கே வரும். புதன்கிழமையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்க வராந்தாவுக்குப் போனோம். அதற்குள் புது மாத்திரைகள் வந்துவிட்டன, வேலை கொஞ்சம் சுலபமாயிற்று. அருளப்பன் மாதாமாதம் ராஜினாமா செய்தார். தலைவர் மாதாமாதம் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் ஒரு விதி இருந்தது. வெளிச் சங்கங்கள் வளாகத்துக்குள் பெயர்ப்பலகை வைக்கக் கூடாது. அத்தனை பாடுபட்ட பலகை என் வீட்டு விறகுக் கொட்டகைக்கு மேலே கூரையாகப் போய்ச் சேர்ந்தது.

அங்கே போன முதல் புதன்கிழமை மதியம் வரை சிவகாமியைக் காணவில்லை. நான் வாசலுக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு, வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் கோபமாகவே கேட்டாள். "பலகையை எங்கங்க வச்சீங்க? அதைத் தேடித் தேடி ஆஸ்பத்திரியவே சுத்தி வந்துட்டேன்."

மொத்தத்தில், மனசைப் பற்றி எல்லாம் தெரிந்த மூன்று பேர் நடத்திய எங்கள் சங்கம், ஒரு கடலை வண்டி நின்ற தயவில் கொஞ்ச காலமும், அது நகர்ந்த தயவில் மிச்சக் காலமும் பிழைத்துக் கிடந்தது.