செருப்பு தனியாக நடந்த ஞாயிறு

போன ஞாயிறு பண்பொழி மலைக்குப் போனேன். பக்தியால் அல்ல, பரிசோதனைக்காக – முருகன் மன்னிக்க வேண்டும்.

என் தம்பி மகள் செண்பகா கார்பன் நானோகுழாய் ஆராய்ச்சி செய்கிறாள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாய்கள். அவற்றை ரப்பரில் கலந்து, வளைகிற கறுப்புத் தாள் ஒன்று செய்திருக்கிறாள். அழுத்தினால் குழாய்கள் நெருங்கும், மின்சாரம் சுலபமாக ஓடும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களின் செருப்புக்குள் வைப்பதற்காம்.

மூன்று தாள்கள் ஏற்கெனவே விரிசல் விட்டுவிட்டன. நான்காவது இது. படி ஏறிய பதிவைப் புதன்கிழமைக்குள் காட்டாவிட்டால் அவள் ஆய்வு ஆறு மாதம் தள்ளிப்போகும்.

"பெரியப்பா, நீங்கதான் ஏறணும்" என்று ஒப்புதல் படிவத்தை நீட்டினாள்.

அரசாங்கக் கொள்முதல் பிரிவில் ஓய்வு பெற்றவன், சும்மா கையெழுத்துப் போடுவேனா? பக்க எண் இல்லை, நகல் இல்லை... பதினேழு திருத்தம்! ஏறும் நேரம், இளைப்பாறும் படி – எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டேன்.

தாளைச் செருப்பில் பொருத்தி, பதிவுக் கருவியை வாரில் கட்டினாள். அடிவாரத்தில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி, டோக்கன் வாங்கி, ஏறத் தொடங்கினோம்.

பாதி மலையில் செண்பகா என் காலைப் பார்த்தாள்.

"பெரியப்பா... செருப்பு எங்க?"

"கீழதான். ஏட்டி, மலைக்குச் செருப்போட யாரு ஏறுவா?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்கும் தோன்றவில்லை. பதினேழு திருத்தம் போட்டவனுக்கும் தோன்றவில்லை!

இறங்கி வந்து பதிவைப் பார்த்தாள். பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. நடுவில் செருப்பு நன்றாக நடந்திருந்தது! வலது கட்டைவிரலுக்கு அடியில் மட்டும், ஒரே புள்ளியில் அபார அழுத்தம்.

"அண்ணாச்சி, இதப் போட்டுட்டு நடந்தது யாரு?"

செருப்புக் காப்பகத்துக்காரர் நெளிந்தார். "டீக்கட வரைதான் தாயி. என் செருப்பு வாரு அந்துபோச்சு. இது மெத்துமெத்துனு இருந்துச்சா..."

"அது கெடக்கட்டும். வலது காலக் காட்டுங்க."

"என்னத்துக்குக் கேக்குதீய? வலியே கெடையாதே!"

காட்டினார். தடித்துக் காய்த்த தோலுக்குள் சீழ் கட்டியிருந்தது. சர்க்கரை நோய் உண்டாம். புண் இருப்பது தெரியாதாம்.

கையோடு தென்காசிக்கு அழைத்துப் போனோம். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வெரல எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். விரல் தப்பியது.

செண்பகாவின் பதிவு? மறுநாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மாடிப்படியில் – செருப்போடு – இருபது தடவை ஏறி இறங்கினேன். "சார், எந்த ரூமும் பிடிக்கலையா?" என்றார் மேனேஜர். தாள் விரிசல் விடவில்லை. புதன்கிழமை நல்லபடியாக முடிந்தது.

கண்ணாடியில் முகத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே... உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்களேன்!