விஷாலினியின் இரண்டாவது மாவுக்கட்டு

பெஸ்தாரி ஜெயா ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் தனேஸ்வரி. அதிகம் பேசமாட்டாள். மகள் விஷாலினியைக் கை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன அன்றும் பேசவில்லை. வழக்கம்போல் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆறு வயதில், விஷாலினி தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் நின்ற லோரியிலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கை நல்லபடியானால் பிள்ளை பால்குடம் எடுக்கும் என்று தனேஸ்வரி தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். திருவிழாவோ எலும்பு ஒட்டுவதற்கு முன்பே வந்துவிட்டது.

"நேர்ந்துக்கிட்டத அடுத்த வருசத்துக்குத் தள்ளக்கூடாதும்மா. ரெண்டு கையாலயும் புடிக்கணும். ஒரு மணி நேரந்தான், அப்புறம் திரும்பக் கட்டிக்கலாம் லா," என்றார் கோயில் தலைவர் சேது.

தனேஸ்வரி வாளித் தண்ணீரில் மாவுக்கட்டை ஊறவைத்து, காய் நறுக்கும் கத்தியால் பிரித்தாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு குடம் சுமந்தது. பிறகு வீக்கம் வடிந்தது. குணமாகிவிட்டது என்று நினைத்தார்கள். திரும்பக் கட்டப் போகவில்லை.

எலும்பு ஒட்டியது, கோணலாக. கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழே உடம்பை நோக்கி வளைந்து நின்றது. "ஏய் அருவாக் கை, நேரா நில்லு!" என்றார்கள் பள்ளியில். விஷாலினி வெயிலிலும் நீளக்கைச் சட்டை கேட்டாள்.

எட்டு வயதில் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"கட்டைப் பிரிச்சது யாரு?"

"நாந்தான்."

"ஏன்?"

"கை நல்லாவணும்னு, டாக்டர்."

டாக்டர் எக்ஸ்ரேயில் முழங்கைக்கு மேலே விரல் வைத்துக் காட்டினார். "வெளிப்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு துண்டு எலும்ப எடுத்துட்டு, நிமித்திக் கம்பி வைப்போம். கம்பி மட்டும் பத்தாது. இந்த வாட்டியும் கட்டு போச்சுன்னா மறுபடி சாஞ்சிரும்."

அறுவைக் கூடத்துக்கு வெளியே கணவன் ரவீந்திரன் கேட்டான்: "வேண்டிக்கிட்டியா?"

"இல்ல."

"பயமா இல்லியா?"

"தெரியல."

கண்விழித்ததும் விஷாலினி நர்ஸ் சொன்னபடி விரல்களை ஆட்டினாள். ரவீந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். தனேஸ்வரி கீழே போய் அவனுக்குத் தேநீர் வாங்கி வந்தாள்.

கட்டு இருக்கும்போதே திருவிழா மறுபடி வந்தது. சேது வாசலில் நின்றார்.

"பாப்பாவுக்கு நல்லா முடிஞ்சிருச்சே. ஒரு குடம் எடுத்துரலாமில்ல?"

"கட்டு இருக்கு, அண்ணே."

"ஒரு மணி நேரந்தாம்மா."

"போன வாட்டியும் அதான் சொன்னீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊர்வலம் லயத்தைக் கடந்தபோது விஷாலினி வாசலில் நின்று பார்த்தாள். உறுமி மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்: "அம்மா, கட்டுக்குள்ள அரிக்குது லா!"

தனேஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அரிக்கட்டும். விரல ஆட்டு."

ஆட்டினாள்.

"இன்னொரு வாட்டி."